பேறும் பேச்சும்: பிள்ளைப்பேறு பற்றி முன்னோர் வாதிட்டதும் நாம் மறந்ததும்

கடந்த நோன்பு காலத்தில் ஓரிரவு, தராவீஹ் முடிந்து பெண்கள் கலைந்துகொண்டிருந்தபோது, என் பழைய மாணவி ஒருத்தி என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். இருபத்தொன்பது வயது. மூன்று பிள்ளைகள், மூன்றும் சிசேரியன். நான்காவது வயிற்றில், ஐந்தாம் மாதம். இந்தப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிரசவத்தின்போதே குழாயைக் கட்டிவிடலாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் மாமி ஒரே பிடிவாதம். அது ஹராம், பெண்ணை அல்லாஹ் படைத்ததே பெறுவதற்குத்தான், பெறப் பயப்படுகிறவள் ஈமானில் குறைந்தவள் என்று எங்கேயோ கேட்ட பயானைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாவாம். கணவர் வாயே திறப்பதில்லை.

“டீச்சர், நீங்க கிதாபுகள் பாக்கிறனீங்கதானே. எனக்கு உண்மையிலேயே பயமாத்தான் இருக்கு. அப்பிடிப் பயப்படுறதே பாவமா?”

நான் தமிழ் படித்தவள், ஆலிமா அல்ல. பத்வா கொடுப்பது என் வேலையுமல்ல. ஆனாலும் அவளுடைய கேள்வி அவள் முதன்முதலாகக் கேட்டதல்ல. கிட்டத்தட்ட ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் அதை எடுத்து, பிரித்து, தங்களுக்குள் முரண்பட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விவாதம் அரபுக் கல்லூரிக் கிதாபுகளுக்குள்ளேயே நின்றுவிட்டது. பயான் மேடைக்கு வரும்போது முடிவு மட்டும், அதுவும் பாதி முடிவு மட்டும் வருகிறது. அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

பிரசவ வேதனை தண்டனையா?

முதலில் ஒரு கதையை ஒதுக்கிவிட வேண்டும். சுவர்க்கத்தில் ஹவ்வா (அலை) செய்த பிழைக்காகத்தான் பெண்ணுக்கு மாதவிடாயும் பிரசவ வேதனையும் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். என் உம்மும்மாவும் சொல்லியிருக்கிறா. அல்குர்ஆனில் அப்படி ஒரு செய்தி கிடையாது. ஆதம் (அலை) அவர்களும் துணைவியும் சேர்ந்தே சறுக்கியதாகவும் சேர்ந்தே மன்னிப்புக் கேட்டதாகவும்தான் குர்ஆன் பேசுகிறது. தாஹா அத்தியாயம் ஆதம் (அலை) அவர்களின் பெயரைத்தான் தனியே எடுத்துச் சொல்கிறது. பிரசவ வேதனையைப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட தண்டனையாகச் சொல்வது பைபிளின் ஆதியாகமம், மூன்றாம் அதிகாரம். வஹ்ப் இப்னு முனப்பிஹ் போன்றோர் வழியாக வந்த பழைய வேதக் கதைகளை இமாம் தபரீ தம் தப்ஸீரில் பதிவு செய்தார். இஸ்ராயீலிய்யாத் என்று நாம் சொல்லும் அந்த வகைக் கதைகள் வழியாகத்தான் இது நம் மூத்தம்மாமார் வாயில் வந்து சேர்ந்தது.

குர்ஆன் பிரசவத்தை எப்படிப் பார்க்கிறது? லுக்மான் அத்தியாயமும் அஹ்காப் அத்தியாயமும் தாய் சிரமத்தின்மேல் சிரமப்பட்டுச் சுமந்ததைச் சொல்லி, அதனாலேயே பிள்ளை அவளுக்குக் கடன்பட்டிருக்கிறான் என்கின்றன. மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று வேதனையில் கதறியதைக் குர்ஆன் மறைக்கவில்லை, கண்டிக்கவுமில்லை. உலகப் பெண்களுக்கெல்லாம் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்கே அந்தச் சொல் வாயில் வந்தது. அதற்குப் பதிலாக இறங்கியது ஆறுதலும் நீரும் பழமும். பிரசவத்தில் இறக்கும் பெண்ணை ஷஹீத்களின் வரிசையில் வைக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் முவத்தாவிலும் உண்டு. உயிராபத்து உள்ள களம் என்று மார்க்கமே ஒப்புக்கொண்ட இடம் அது. அங்கே போகப் பயப்படுவதை ஈமானின் குறை என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. பிள்ளை இல்லாத பெண்ணை மலடி என்று எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். மலடன் என்ற சொல் அகராதியில் உண்டு, நம் வாயில் இல்லை. குர்ஆனோ ஷூறா அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில், தான் நாடியவரை மலடாக்குவதாக அல்லாஹ் சொல்லும்போது ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சகோதரி மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் ‘உம்மு அப்தில்லாஹ்’ என்று அழைக்கப்பட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் அவர்கள் வழியாகவே உம்மத்துக்குக் கிடைத்தன. பெறுவதற்காக மட்டுமே பெண் படைக்கப்பட்டிருந்தால், அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அஸ்ல்: இரண்டு பக்கமும் ஹதீஸ்

கருத்தரிக்காதபடி கணவன் விலகிக்கொள்வதை ‘அஸ்ல்’ என்பார்கள். அக்காலத்தில் பரவலாக இருந்த கருத்தடை முறை இதுதான். பிற்காலச் சட்ட அறிஞர்கள் மாத்திரை, ஊசி, வளையம் எல்லாவற்றையும் இதனோடு ஒப்பிட்டே முடிவு காண்கிறார்கள்.

குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அஸ்ல் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார். நபி (ஸல்) அவர்களுக்கு அது தெரிந்தும் தடுக்கவில்லை என்பது முஸ்லிமில் உள்ள அறிவிப்பு. அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், பிறக்க விதிக்கப்பட்ட உயிர் எப்படியும் பிறந்தே தீரும் என்று நபியவர்கள் சொன்னார்கள். இதை அஸ்லுக்கு எதிரான ஹதீஸாகச் சிலர் காட்டுவதுண்டு. சற்று நின்று யோசித்தால் அது மறுபக்கமும் பேசுகிறது. எப்படியும் வரப்போவது வரும் என்றால், அஸ்ல் செய்கிறவன் கத்ரை எதிர்த்துப் போர் செய்யவில்லை. குடை பிடிக்கிறவன் மழையை மறுக்கவில்லை அல்லவா?

எதிர்ப்பக்க ஆதாரத்தை அறிவித்தவர் ஒரு பெண், ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி). அஸ்ல் என்பது மறைமுகமாக உயிரோடு புதைப்பது என்று நபியவர்கள் சொன்னதாக அவர் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அபூதாவூதில் இதற்கு நேர்மாறான செய்தியும் இருக்கிறது. அஸ்ல் சிறிய வகைப் புதைத்தல் என்று யூதர்கள் சொன்னபோது நபியவர்கள் அதை மறுத்தார்கள் என்பது அது.

இந்த முரணில்தான் இமாம்கள் பிரிந்தார்கள். குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064), ஜுதாமாவின் ஹதீஸே பிந்தியது, மற்றவை மாற்றப்பட்டுவிட்டன, ஆகவே அஸ்ல் ஹராம் என்றார். எது முந்தியது, எது பிந்தியது என்று காலம் நிறுவாமல் அப்படிச் சொல்ல முடியாது என்று இப்னுல் கய்யிம் ‘ஸாதுல் மஆத்’தில் பதில் சொன்னார். இமாம் நவவீ இரண்டையும் இணைத்து, ஹராமல்ல, விரும்பத்தகாதது என்றார். நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை அனுமதியின் பக்கமே நிற்கிறது.

ஜுதாமாவின் அந்த ஹதீஸின் முற்பகுதியை யாரும் பயானில் சொல்லி நான் கேட்டதில்லை. பால் கொடுக்கும் காலத்தில் மனைவியுடன் கூடுவதைத் தடுக்க நினைத்திருந்ததாகவும், ரோமர்களும் பாரசீகர்களும் அப்படிச் செய்தும் அவர்களது பிள்ளைகளுக்குக் கேடு வரவில்லை என்பதைக் கவனித்து அத்தடையைக் கைவிட்டதாகவும் நபியவர்கள் அதில் சொல்கிறார்கள். தாய் சேய் நலம் பற்றிய விடயத்தில், வேற்றுச் சமூகங்களின் அனுபவத்தையே ஆதாரமாகக் கொண்டு முடிவு. இன்றைக்கு வைத்தியர் ஒருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது சுன்னாவுக்கு அந்நியமானதல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கஸ்ஸாலியின் ஐந்து நிய்யத்துகள்

இந்த விவாதத்தின் நடுநாயகம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). 1111இல் மறைந்த அவர், ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் திருமணப் பகுதியில் இந்தக் கேள்வியை ஒரு வழக்கறிஞரைப் போல எடுத்து வைக்கிறார். கருவைக் கலைப்பதும் கருவுறாமல் தடுப்பதும் ஒன்றா என்று முதலில் கேட்கிறார். இல்லை என்கிறார். ஒரு வியாபார ஒப்பந்தத்தில் ஈஜாப், கபூல் என்று இரண்டு பக்கம் உண்டு. ஒருவர் கேட்டு, மற்றவர் ஏற்பதற்குள் கேட்டவர் விலகிக்கொண்டால் ஒப்பந்த மீறல் ஆகாது. இரண்டும் சேர்ந்த பின் முறித்தால்தான் மீறல். கருவும் தாய் தந்தை இருபாலாரின் பங்கும் சேர்ந்தே உண்டாகிறது. சேருமுன் விலகுவது கொலையாகாது. சேர்ந்த பின் கை வைத்தால் குற்றம், வளர வளரக் குற்றமும் வளரும்.

பிறகு, அஸ்ல் செய்கிறவரின் மனதில் என்ன இருக்கிறது என்று பார்த்து ஐந்தாகப் பிரிக்கிறார். முதலாவது அடிமைப்பெண் சார்ந்த சொத்துப் பிரச்சினை. அந்த உலகம் போய்விட்டது. இரண்டாவது, மனைவியின் அழகையும் உடலையும் காப்பது, பிரசவ ஆபத்திலிருந்து அவள் உயிரைக் காப்பது. இது தடுக்கப்பட்டதல்ல. மூன்றாவது, பிள்ளைகள் பெருகி, அவர்களைக் காப்பாற்றத் தப்பான வழியில் உழைக்க நேருமோ என்ற பயம். அல்லாஹ்மேல் முழுமையாகப் பொறுப்புச் சாட்டுவது மேலான நிலை, ஆனாலும் இதுவும் தடுக்கப்பட்டதல்ல, சிரமம் குறைவது மார்க்கத்துக்கு உதவியே என்கிறார். வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற குர்ஆனின் தடை பிறந்த பிள்ளையைப் பற்றியது என்பதைப் பிரித்தறிந்தவர் அவர். நான்காவது, பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்ற பயம். இது கெட்ட நிய்யத், பாவம். ஜாஹிலிய்யாக் காலத்துக் குழிகளின் நிழல் அதில் விழுகிறது.

ஐந்தாவதுதான் என் மாணவியின் கேள்வி. அளவு மீறிய சுத்தம் பார்த்து, பெருமையினால், பிரசவம், நிபாஸ், பாலூட்டல் இவற்றைத் தவிர்க்கப் பெண்ணே மறுப்பது. கவாரிஜ் பெண்கள் சிலரின் வழக்கம் என்று சொல்லி, இதையும் கெட்ட நிய்யத் என்கிறார் இமாம்.

இரண்டையும் ஐந்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மனைவியின் பிரசவ ஆபத்துக்குக் கணவன் பயந்தால் ஆகும், அவளே தவிர்த்தால் ஆகாது என்பது போலத் தோன்றுகிறது. நானும் முதன்முறை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இமாம் எழுதிய காலத்தில் வாசகன் ஆண், பேசுபவன் ஆண், பெண் பேசப்படுகிறவள் என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்தப் பந்தியின் கடைசி வரியையும் வாசிக்க வேண்டும். கெட்டது அந்த நோக்கம்தானே தவிர, பிள்ளைப்பேற்றைத் தடுப்பதல்ல என்று அவரே முடிக்கிறார். அவர் கண்டித்தது பெருமையையும் மார்க்கத்தில் இல்லாத சுத்தவெறியையும். மூன்று தழும்புள்ள வயிற்றோடு உயிருக்குப் பயப்படுகிற தாயை ஐந்தாம் வகையில் தள்ளுவது இமாமின் கணக்கல்ல, நமது கணக்கு. அவள் நிற்பது இரண்டாம் வகையில்.

நம் மத்ஹபின் ஒரு கசப்பு

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈக்கள். நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. அஸ்லுக்கு மனைவியின் சம்மதம் தேவை என்று ஹனபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகள் சொல்கின்றன. பிள்ளைப்பேறும் இன்பமும் அவளுக்கும் உரிமை என்பதே அதன் நியாயம். ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்தின்படி சம்மதம் தேவையில்லை. அதாவது இந்த விடயத்தில் பெண்ணுக்கு மிகக் குறைந்த சொல் நம்முடைய மத்ஹபில்தான்.

குர்ஆனில் இதற்கு ஓர் ஒளி உண்டு. பகரா அத்தியாயம் 233ஆம் வசனம், பாலூட்டல் இரண்டு ஆண்டுகள் என்று சொல்லிவிட்டு, முன்னதாகவே பால் மறக்கச் செய்வதென்றால் கணவன் மனைவி இருவரும் கலந்தாலோசித்து, இருவரும் பொருந்திச் செய்யட்டும் என்கிறது. பால் மறக்கடிக்கவே இருவர் சம்மதம் தேவை என்றால், இன்னொரு உயிரைச் சுமப்பதற்குத் தேவையில்லையா?

நிரந்தரக் கருத்தடை விடயத்தில் மாமி சொன்னதில் உண்மை உண்டு. பொன்னானி மக்தூம் எழுதி நம் அரபுக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படும் ‘பத்ஹுல் முஈன்’ வரை, கருத்தரிப்பை அடியோடு அறுப்பது ஹராம் என்றே சொல்லப்படுகிறது. குறிப்பிட்ட காலத்துக்குத் தள்ளிப்போடுவதைப் பிற்கால ஷாபிஈ நூல்கள் ஹராம் என்று சொல்லவில்லை. கைப்பிள்ளையை வளர்ப்பது போன்ற காரணம் இருந்தால் மக்ரூஹ்கூட இல்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி மூன்று முடிவுகளை எடுத்தது. பெறும் உரிமையைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் கூடாது. பெறும் ஆற்றலை நிரந்தரமாக நீக்குவது ஹராம், ஆனால் மார்க்க அளவுகோலின்படி நிர்ப்பந்தம் இருந்தால் அல்ல. தற்காலிகமாகத் தடுப்பதோ இடைவெளி விடுவதோ கணவன் மனைவி கலந்து பேசிப் பொருந்தினால், தீங்கு இல்லாவிட்டால், ஆகும்.

மாமிக்குத் தெரிந்தது இரண்டாவது முடிவின் முதல் பாதி. ‘நிர்ப்பந்தம் இருந்தால் அல்ல’ என்பது அவவின் காதுக்கு வரவில்லை. நான்காவது சிசேரியனுக்குப் பின்னும் கருவுற்றால், பழைய தழும்பில் நச்சுக்கொடி ஒட்டி வளர்ந்து, இரத்தப்போக்கை நிறுத்துவதே பெரும்பாடாகலாம். அது நிர்ப்பந்தமா என்பதை வைத்தியரும் மார்க்கம் அறிந்தவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு வாய் அல்ல.

எண்ணிக்கையும் கருப்பையும்

அன்புள்ள, பிள்ளை பெறக்கூடிய பெண்களை மணமுடியுங்கள், உங்கள் பெருக்கத்தால் நான் மகிழ்வேன் என்ற கருத்திலமைந்த ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். பிள்ளை அல்லாஹ்வின் அருள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அருளை எண்ணிக்கையாக்கி, எண்ணிக்கையை ஆயுதமாக்கினால் அதன் பாரம் முழுவதும் பெண் உடலில்தான் இறங்கும்.

இது நம்மிடம் மட்டுமுள்ள பழக்கமல்ல. புறநானூற்றில் பொன்முடியார் பாடலொன்றை ஆண்டுதோறும் படிப்பிக்கிறேன். பெற்றுக் கொடுப்பது தாயின் கடன், வேல் வடிப்பது கொல்லன் கடன், களிறு கொன்று மீள்வது மகனின் கடன் என்று அது வரிசையாகச் சொல்லும். யாழ்ப்பாணத்தில் அதைப் படிப்பிக்கும்போது வகுப்பு கொஞ்சம் அமைதியாகிவிடும். போருக்குக் கொடுத்த தாய்மாரின் பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள்.

1990 ஒக்டோபர் 30 அன்று சோனகத் தெருவிலிருந்து எங்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம். அப்போது என் உம்மா ஆறு மாதக் கர்ப்பிணி. தம்பி புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்தான். நிலம் போனாலும் தொகை குறையக்கூடாது என்று பெரியவர்கள் அங்கே பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அவர்களுடைய வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கொட்டிலில் கிடந்த உம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

மறுபக்கமும் நம் கருப்பையையும் தங்கள் கருப்பையையும் எண்ணுகிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பரிசோதனையில் அது வெறும் மாக்கட்டி. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியர் ஷாபி, ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற பத்திரிகைச் செய்தியோடு கைது செய்யப்பட்டார். அதற்கு ஆதாரமில்லை என்று புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. பின்னர் மீண்டும் சேவையில் சேர்க்கப்பட்டு, நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்க அன்பளிப்புச் செய்தார். அந்த நாட்களின் பின் குழாய் கட்டுவது என்ற சொல்லே நம் பெண்களுக்குச் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. அவதூறின் விலையை வைத்தியரோடு சேர்ந்து கர்ப்பிணிகளும் கொடுக்கிறார்கள்.

1930களில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது நூறு பிரசவத்துக்கு இரண்டு பேருக்கு மேல். எளிய கணக்கில், பத்துப் பிள்ளை பெறும் பெண்ணுக்கு ஐந்தில் ஒன்று ஆபத்து. இன்று அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு முப்பது, நாற்பது அளவுக்கு இறங்கியிருக்கிறது. வீடு வீடாக வரும் மருத்துவமாது, கிளினிக், இரத்த வங்கி, பேறுகளுக்கு இடையில் விட்ட இடைவெளி எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. இமாம் கஸ்ஸாலி ‘பிரசவ ஆபத்து’ என்று எழுதியபோது அவர் கண்முன் இருந்தது அந்தப் பழைய உலகம். அந்த உலகத்திலிருந்தே அவர் அனுமதி கொடுத்தார். பாதுகாப்பான உலகத்தில் இருந்துகொண்டு நாம் அந்த அனுமதியை மறுக்கிறோம்.

என் மாணவிக்கு அன்றிரவு இவ்வளவும் சொல்லவில்லை. பயப்படுவது பாவமில்லை, மர்யம் (அலை) அவர்களே பயந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த கிழமை அவளும் கணவரும் வந்தார்கள். பகரா 233ஐ எடுத்து அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“டீச்சர், இதில இவவிட்டயும் கேக்கச் சொல்லித்தானே இருக்கு” என்றார்.

பிறகு இருவரும் ஒரு மௌலவியிடம் போனார்கள், வைத்தியரிடமும் சேர்ந்தே போனார்கள். முஹர்ரம் மாதம் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மாமியின் மடியில்தான் பிள்ளை வளர்கிறது. சத்திரசிகிச்சை பற்றி என்ன முடிவெடுத்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவர்கள் இருவரும் கலந்து பேசி எடுத்தது, அவர்களுக்கே உரியது.